உயிர்ப்பு ஞாயிறு வரை

கிமராஸ் தீவு
14 ஜூலை 2008

அன்புள்ள பெலிசா அக்காவுக்கு, தம்பி கிரிசாந்தோ எழுதுவது.

நீயும் மடத்துச் சகோதரிகளும் சுகமா? மலைக்குளிரில் உன் முட்டிவலி கூடியிருக்குமே. இங்கே நெனிதா சுகம். மகள் மரிசெல் மணிலாவில் சுகம். ஜனவரியில் அவளுக்குப் பிரசவம்.

என்னைக் கேட்டால், பாதி சுகம். சிறுநீரகம் இரண்டும் வேலையை விட்டுவிட்டதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கடலைத் தாண்டி இலோயிலோ ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். ரத்தம் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். முப்பது வருடம் நான் படகு ஓட்டிய அதே துறை. இப்போது பயணிகள் பலகையில் உட்கார்ந்து போகிறேன். இப்போது படகு ஓட்டும் பையன் டொடொங் அலையைக் கண்டபடி வெட்டி ஓட்டினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. "மாமா, நீங்க டிக்கெட்டே எடுக்க வேணாம். வாய மட்டும் மூடிக்கிட்டு வாங்க" என்கிறான்.

குறையெல்லாம் இரவில்தான். தூக்கம் போய்விட்டது அக்கா. படுத்தவுடன் இரண்டு காலுக்குள்ளும் ஏதோ ஊர ஆரம்பிக்கிறது. வலி என்றும் சொல்ல முடியவில்லை, அரிப்பு என்றும் சொல்ல முடியவில்லை. காலை ஆட்டினால் அடங்கும், நிறுத்தினால் மறுபடி ஊரும். எழுந்து நடந்தால்தான் நிம்மதி. ஊசி ஏற்ற வசதியாக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையைத் தலைக்கு அணையாக வைத்தால் காதுக்குள் ரத்த ஓட்டம் படகு மோட்டார் மாதிரி இரைகிறது.

ஆனால் ஆஸ்பத்திரி நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறேன். பக்கத்து நாற்காலி ஆம்பாரோ டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், விடுவதில்லை. "வீட்ல என்ன, பெண்டாட்டி தூங்க விடுறதில்லையா? உங்க குறட்டையில எனக்கு டிவியில ஒரு வசனம் காதுல விழல!"

எனக்காக வேண்டிக்கொள்.
உன் தம்பி,
கிரிசாந்தோ


மலைமேல் மடம், பெங்கெத்
6 ஆகஸ்ட் 2008

என் அருமைத் தம்பிக்கு, ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்குவதாக.

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முட்டி என் சொல்லைக் கேட்காமல் போய் வெகுநாளாயிற்று.

உன் கால் ஊர்வதைப் பற்றிச் சகோதரிகளிடம் சொன்னேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்நீரில் காலை நனைத்துவிட்டுப் படு. படுக்குமுன் ஒரு பெரிய கோப்பை இஞ்சித் தண்ணீர் குடி. படுத்துக்கொண்டே ஜெபமாலை சொல். இங்கே ஜெபமாலையில் மூன்றாவது பத்து தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுகிறோம். கடவுள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் நடுச்சாமத்தில் செபத்துக்கு எழுகிறோம். நாற்பத்தெட்டு வருடமாகியும் அந்த மணி அடிக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. எனக்கு எழுந்திருப்பது பாடு, உனக்குப் படுப்பது பாடு. நம் இருவரையும் கடவுள் இடம் மாற்றி வைத்திருக்கலாம்.

நெனிதாவை 'சுகம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டாய். அவள் தூங்குகிறாளா?

உன்னை நினைவில் சுமக்கும்
அக்கா பெலிசா


கிமராஸ் தீவு
1 செப்டம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு, எங்கள் இருவரின் வணக்கம். உன் சுகத்தை அறிய ஆவல்.

இஞ்சித் தண்ணீர் சொன்ன சகோதரிக்கு என் நன்றி. ஆனால் எனக்கு நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர் தண்ணீர்தான். கூடக் குடித்தால் வெளியே போக வழி இல்லை, நெஞ்சில் ஏறிவிடும். மாம்பழமும் கூடாது. கிமராஸில் பிறந்தவனுக்கு மாம்பழம் கூடாதென்றால் பார்த்துக்கொள். இஞ்சித் தண்ணீரை ஒரு வாய் மட்டும் குடித்தேன், மடத்துக்கு மரியாதையாக.

ராத்திரி தெருவில் நடக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெர்த்திங் தன் சண்டைச் சேவல் கூண்டுகளுக்குப் பின்னால் நின்று கத்தினான்.

"யார்ரா அது? சேவல் திருடவா வந்த?"

"நான்தான்டா. தூக்கத்தைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"எங்கிட்ட நிறையக் கெடக்கு அண்ணே. கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போங்க, என்னை விடுங்க."

நெனிதா கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறாள். என் கால் உதைத்து அவள் தொடை கன்றிப்போய்விட்டது. நான்தான் அங்கே போகச் சொன்னேன். அங்கே அவள் நன்றாகத் தூங்குகிறாள். கேட்டாயே, அதற்காக எழுதினேன்.

உன் தம்பி,
கிரிசாந்தோ


கிமராஸ் தீவு
19 செப்டம்பர் 2008

மரியாதைக்குரிய அண்ணிக்கு, நெனிதா வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். உங்களுக்கு அவர் எழுதுவதெல்லாம் சிரிப்பாக இருக்கும் என்று தெரியும். தபாலில் போடுமுன் வாசித்துக் காட்டுவார், நானும் சிரிப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை இரவு, தன் காலைக் கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டச் சொன்னார். வேண்டாமென்றேன். "கட்டுடி, ஆடாம இருந்தா அடங்கிடும்" என்றார். கட்டினேன். கொஞ்ச நேரத்தில் "அவுத்து விடு, அவுத்து விடு" என்று கதறினார். முடிச்சு இறுகிவிட்டது. கத்தி தேடி அறுத்தேன். அப்புறம் பிள்ளை மாதிரி என் மடியில் முகத்தை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை அண்ணி, அவர் அம்மா இறந்தபோதுகூட.

நான் தூங்குவதில்லை. அவர் நடக்கிற சத்தம் நின்றால் பயம், நிற்காவிட்டால் வேதனை. சந்தையில் கருவாட்டுக் கூடைமேல் சாய்ந்துவிடுகிறேன். வாங்க வருகிறவர்கள் தட்டி எழுப்புகிறார்கள்.

நான்கு மணி நேரத்துக்குப் பதில் ஐந்து மணி நேரம் இயந்திரத்தில் இருந்தால் ரத்தம் இன்னும் சுத்தமாகும், கால் அடங்கும், இரும்புச்சத்து ஊசியும் போடலாம் என்கிறார் டாக்டர். இவர் கேட்கமாட்டேன் என்கிறார். உங்கள் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார்.

பணிவுடன்,
நெனிதா


மலைமேல் மடம், பெங்கெத்
12 அக்டோபர் 2008

அருமைத் தம்பி, நீயும் நெனிதாவும் கடவுளின் கையில் பத்திரமாக இருப்பீர்களாக.

என் சுகத்துக்குக் குறைவில்லை. இங்கே மழை விடவில்லை. பீன்ஸ் கொடி அழுகிவிட்டது.

உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். சின்ன வயதில் பல் பிடுங்கப் பயந்து படகுக்கடியில் ஒளிந்தவன் நீ. அறுபத்தெட்டிலும் அப்படியேவா? ஐந்து மணி நேரம் உட்காரச் சொன்னால் உட்கார். ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள். உன் கால் ஆடினால் உன் வீட்டில் இன்னொருத்தியும் விழித்திருக்கிறாள்.

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதக் கூடாது, உனக்குத் தெரியும். அதற்குள் நல்ல சேதி சொல்.

அக்கா பெலிசா


கிமராஸ் தீவு
18 நவம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு, உன் சுகமே என் சுகம்.

ஐந்து மணி நேரத்தைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. பரவாயில்லை. நெனிதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் அழுவாள்.

உன் சொல்படி ஐந்து மணி நேரம் உட்காருகிறேன். ஊசியும் போட்டாயிற்று. கால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஆனாலும் தூக்கம் திரும்பவில்லை. கண் மூடும், மூச்சு முட்டி விழிக்கும், மறுபடி மூடும். காலையில் எழும்போது இரவெல்லாம் துடுப்புப் போட்டவன் மாதிரி இருக்கிறது உடம்பு. போன புதன்கிழமை நெனிதாவை நம் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டேனாம்.

ஆம்பாரோ டீச்சர் இப்போது வருவதில்லை. அவராகவே சிகிச்சையை நிறுத்திவிட்டார். பத்து நாளில் முடிந்துவிட்டது. அவர் மகள் நர்சுகளுக்கு அரிசிப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள்.

"அம்மா போதும்னுட்டாங்க மாமா. நாங்களும் வற்புறுத்தல. கடைசி ஒரு வாரம் நல்லாத் தூங்கினாங்க. எழுப்பினா லேசாச் சிரிச்சாங்க, திரும்பவும் தூங்கிட்டாங்க."

"கஷ்டப்படலையா?"

"மூச்சு வாங்கிச்சு. அதுக்கு டாக்டர் மருந்து குடுத்தார். தூங்கினாங்க மாமா, அவ்வளவுதான்."

அந்த நாற்காலிக்கு இப்போது புதிதாக ஒருவர் வருகிறார், பேசாத ஆள்.

இங்கே காற்று திரும்பிவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி,
கிரிசாந்தோ


மலைமேல் மடம், பெங்கெத்
27 டிசம்பர் 2008

அருமைத் தம்பிக்கும் நெனிதாவுக்கும், பிறந்த பாலகனின் ஆசீர் உண்டாவதாக.

நாங்கள் எல்லாரும் சுகம். இந்த வருடக் குடிலுக்குப் பாசி நான்தான் பொறுக்கினேன். குனிந்தவளை நிமிர்த்த இரண்டு சகோதரிகள் வேண்டியிருந்தது. குடிலில் ஆட்டுக்குட்டிக்குக் காது உடைந்துவிட்டது. மெழுகு வைத்து ஒட்டினோம், பன்றிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. மரிசெலுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகத் தினமும் வேண்டுகிறேன்.

ஆம்பாரோ டீச்சருக்காகத் திருப்பலியில் பெயர் கொடுத்தேன். அவர் மகள் சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நீயும் அதை நினைக்காதே.

அக்கா பெலிசா


கிமராஸ் தீவு
16 பிப்ரவரி 2009

அன்புள்ள அக்கா,

சுகமா? மரிசெலுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நினைக்காதே என்று எழுதினாய். நினைத்தேன்.

பேரனைப் பார்க்க நெனிதாவை மணிலாவுக்கு அனுப்பினேன். அவள் கிளம்பிய மறுநாள் டொடொங் துறையில் இருந்து ஆள் அனுப்பினான். காய்ச்சல், ஆஸ்பத்திரியில் வேறு நாள் தருவார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காய்ச்சல் இல்லை. படுத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரம் படகு ஏறவே இல்லை.

மூன்றாம் நாளில் இருந்து தூக்கம் வந்தது. நான் கூப்பிடவில்லை, தானாக வந்தது. உட்கார்ந்தால் தூக்கம், சாப்பிடும்போது தூக்கம். கால் எனக்கு உண்டா என்றே தெரியவில்லை. ரத்தத்தில் விஷம் ஏறியதால் வந்த மயக்கம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அது தூக்கமாகத்தான் இருந்தது. ஒருநாள் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது, எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. அக்கா, எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டியது. நெஞ்சு முழுக்கத் தண்ணீர். பெர்த்திங் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் போட்டிருக்கிறான். இயந்திரம் என்னைக் காப்பாற்றியது. அன்று இரவே கால் ஊர ஆரம்பித்துவிட்டது.

எனக்குச் சாக ஆசை இல்லை. பேரனைத் தூக்க வேண்டும் என்றிருக்கிறது. ஆனால் தூங்க வேண்டும் அக்கா. இரண்டும் சேர்ந்து கிடைக்காது போலிருக்கிறது. ஆம்பாரோ டீச்சருக்குக் கொடுத்த மாதிரி மூச்சுக்கு மருந்து தருவார்களாம், கேட்டுவிட்டேன். நெனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நீ சொல். நான் நிறுத்தினால் பாவமா? நிறுத்து என்றால் நிறுத்துகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் போகிறேன். உன் வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சாம்பல் புதன் இருபத்தைந்தாம் தேதி. தவக்காலத்தில் உனக்குக் கடிதம் தரமாட்டார்கள் என்பதால் அதற்குமுன் வந்துசேரட்டும் என்று இன்றே படகில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் தம்பி,
கிரிசாந்தோ


கிமராஸ் தீவு
18 மார்ச் 2009

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இது தவக்காலம். நீங்கள் இதை இப்போது வாசிக்கமாட்டீர்கள். ஆனாலும் அவர் கடிதத்தோடு என் கடிதமும் அங்கே இருக்கட்டும்.

அவர் தினமும் தபாலாபீஸ் போய்ப் பார்க்கிறார். நேற்று வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அக்காவுக்குக் கெடைச்சிருக்காது. சாம்பல் புதன் தாண்டித்தான் போய்ச் சேந்திருக்கும்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் படகு ஏறுறேன். தவக்காலம்தானே, ஒறுத்தல்னு வெச்சுக்கிறேன்."

"அதுக்கப்புறம்?"

"அக்கா என்ன சொல்றாளோ அது."

"நான் சொன்னாக் கேக்க மாட்டீங்களா?"

"நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும்டி. அதான் ஒன்கிட்ட கேக்கல."

மெலிந்துவிட்டார். கண் உள்ளே போய்விட்டது. இரவில் இப்போது நடக்கவும் தெம்பில்லை; கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்கிவிடுகிறேன்.

அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லுங்கள். அவர் படும் பாடு எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறேன்.

நெனிதா


மலைமேல் மடம், பெங்கெத்
12 ஏப்ரல் 2009, உயிர்ப்பு ஞாயிறு

என் தம்பி கிரிசாந்தோ,

ஆண்டவர் உயிர்த்தார். இந்த வாழ்த்தைச் சொல்லாமல் இன்று எதையும் தொடங்கக் கூடாது, அதனால் சொன்னேன்.

காலைத் திருப்பலி முடிந்ததும் மடத் தலைவி உன் கடிதத்தையும் நெனிதாவின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். உன் கடிதம் சாம்பல் புதனுக்கு மறுநாள் வந்திருக்கிறது. ஒரு நாள், தம்பி. நாற்பது நாளும் அது நான் சாப்பிடும் மேசைக்குப் பக்கத்து அறையில் இழுப்பறைக்குள் இருந்திருக்கிறது. நான் உன் தூக்கத்துக்காகச் செபம் சொல்லிக்கொண்டு அந்தக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

தலைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கட்டளையை மீறாத பெண். நானும் அப்படித்தான். யாரைக் குறை சொல்ல?

போன் செய்யச் சொன்னார். நான்தான் வேண்டாமென்றேன். என் பதிலைக் கேட்டதும் நீ என்ன சொல்வாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆன்ம குருவிடம் உட்கார்ந்து கேட்டேன். உடம்பு தாங்காத வைத்தியத்தை வேண்டாமென்பது உயிரை மாய்த்துக்கொள்வது ஆகாது, அது பாவமில்லை என்றார். அவர் வேறு சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை. டிசம்பரில் உன் வாயை அடைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதற்கு ஞானம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

போதும் தம்பி. நிறுத்திக்கொள். டாக்டரிடம் சொல், மூச்சுக்கு மருந்து கேள், பாதிரியாரை வரச்சொல், பேரனைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்துக்கொள். ஒரு மாம்பழம் சாப்பிடு. பிறகு தூங்கு.

நெனிதாவிடம் இதை நீயே வாசித்துக் காட்டு. அவள் என்னை வெறுப்பாள். வெறுக்கட்டும்.

உன்
பெலிசா


கிமராஸ் தீவு
2 மே 2009

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி இரவு மடத்துக்குப் போன் செய்து, அவர் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எப்படி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டினார். "ஞாயிறு வரைக்கும்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன். "தபால் வரட்டும். இன்னும் ரெண்டு மூணு தடவை போனா என்ன" என்றார். கூடப் போனேன். ஐந்து மணி நேரமும் கண்ணை மூடவில்லை. நர்ஸ் பெண்ணிடம் பேரன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. "பய இன்னைக்கு ஒழுங்கா ஓட்டுறான்" என்றார். டொடொங்குக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. கால் அசையவில்லை. நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணி. அசையவே இல்லை. தூங்கிவிட்டார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதிரே ஒருத்தி உரக்கப் பேசினாள், உஷ் என்றேன். தோள் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

கரை வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டொடொங் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். "மாமா, எந்திரிங்க, ஊரு வந்தாச்சு" என்றான். "கத்தாதடா, இப்பத்தான் தூங்குறார்" என்று நான் சொன்னேன். அவன் குனிந்து அவர் கையைத் தொட்டான். அப்புறம் தொப்பியைக் கழற்றினான்.

எங்கே, எந்த அலையில் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் கடிதம் இருபத்திரண்டாம் தேதி வந்தது. நான் பிரித்தேன். வெறுப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று வெறுத்தேன். கடிதம் பிந்தியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அந்த நாற்பது நாளும் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படியும் நன்றி சொன்னேன். மடத்துப் போன் நம்பர் அவ்வளவு நாளும் என்னிடம்தான் இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது போல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அடக்கம் முடிந்து வந்து அவர் கட்டிலில் படுத்தேன். படுத்ததுதான் தெரியும். அவருக்கான ஒன்பது நாள் செபத்துக்கு ஊரே வந்திருக்கிறது. மரிசெல் என்னை உலுக்கியிருக்கிறாள்: "அம்மா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, எந்திரிங்கம்மா." பெர்த்திங் பெண்டாட்டி தடுத்திருக்கிறாள்: "விடுடி. அவ தூங்கி ஒரு வருஷமாச்சு." நான் இல்லாமலே, கூடத்தில் செபத்தை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளும் அப்படியே. ஒன்பது நாளில் ஒருநாள்கூட என் புருஷனுக்காக நான் முழுச் செபமும் சொல்லவில்லை.

இன்னும் வருகிறது அண்ணி. இருட்டியதும் வந்துவிடுகிறது. ஒரு கனவும் இல்லாமல், கட்டில் முழுவதும் கையைக் காலை விரித்துத் தூங்குகிறேன். விடிந்து எழுந்தால் உடம்பு லேசாக இருக்கிறது. அந்த நேரத்தில்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நெனிதா